சகாயமேரி அக்கா கேட்ட கீழ்வீடு

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்க் கட்டடத்தில் அக்காவுக்குக் கீழ்மாடியில் இருக்கும் பஷீர் பாய் போன் செய்தார். "சகாயமேரி போயிட்டாம்மா. மூணாவது மாடிலேருந்து எறக்க ஆள் பத்தல. உன் வூட்டுக்காரர அனுப்பு" என்றார். படிக்கட்டு வளைவில் சவப்பெட்டி திரும்பவில்லை. அக்காவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் கட்டித்தான் இறக்கினார்கள். அரியலூர் லைன் வீடுகளில் அவரோடு குடியிருந்து, அன்று வரமுடியாமல் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஏலாக்குறிச்சிப் பக்கம் பிறந்து, எங்கள் தெருவில் வாழ்க்கைப்பட்டவர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். என் மாமியார் என்னைத் திட்டத் தொடங்கினால், "போதும், இங்க கேக்குது" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும். மாமியார் வாயை மூடிக்கொள்வார்.

சாலையை அகலப்படுத்த வேண்டும், ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்குப் போங்கள் என்றார்கள். அக்கா ஆபீசில் கேட்டது ஒன்றுதான்: "இடிங்க, வேணாங்கல. எனக்கு முட்டி தேஞ்சு போச்சு. கீழ்வூடு குடுங்க." "பார்க்கலாம்மா" என்றார் அதிகாரி. கிடைத்தது மூன்றாவது மாடி. டவுனில் சொந்த வீடு உள்ள ஒருவர் பெயரில் கீழ்வீடு ஒன்று இன்றும் பூட்டிக் கிடக்கிறது.

ஜேசிபி வந்தபோது என் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா வண்டியின் முன்னால் போய் நின்றார். "சோறு வேகுது. புள்ளைங்க தின்னட்டும், அப்புறம் இடி." டிரைவர் எஞ்சினை அணைத்தார். அவருக்கும் ஒரு தட்டு போட்டார் அக்கா. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அதே டிரைவர்தான் இடித்தார். ஓரத்து வீட்டைத் தள்ளியதும் அடுத்த வீடும் சேர்ந்து சரிந்தது. அக்கா அழவில்லை. "அவனுக்கு வேலை மிச்சம்" என்றார்.

மாடிக்குப் போனபின் கோயிலுக்குப் போவது நின்றது. வாளியைக் கயிற்றில் இறக்கிக் காய்கறி வாங்கினார். "ஏத்தி வச்சுட்டானுங்க, எறங்க வழி சொல்லல" என்றார் ஒருநாள். சாலை இன்னும் வரவில்லை. தெரு இருந்த இடத்தில் சிமெண்ட் லாரிகள் நிற்கின்றன.

கல்லறையில் வார்டு பிரமுகர் ஒருவர் மாலை போட்டு, "அமைதியான அம்மா" என்று பேசினார். அக்கா ஒருநாளும் அமைதியாக இருந்ததில்லை. அவர் அமைதியாக உறங்கட்டும் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

"ஆபீசுல சரிங்கன்னுட்டு வந்துடாத. என்னைக்குன்னு கேளு" என்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். நேற்று, கால் விளங்காமல் இரண்டாவது மாடியில் கிடக்கும் பஷீர் பாய்க்காக, பூட்டியிருக்கும் அந்தக் கீழ்வீட்டைக் கேட்டுப் போனேன். "பார்க்கலாம்" என்றார்கள். "என்னைக்குங்க?" என்றேன். ஆபீஸ் பூட்டும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் போகிறேன்.