பிந்தி வரும் பஸ்ஸின் பாட்டு

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். நோர்வே எழுத்தில் பஸ் இலக்கமும் என் பெயரும் தெரியும். அதை வைத்துக்கொண்டே ஒஸ்லோவில் பதினைந்து வருடம் தலைநிமிர்ந்து வேலை செய்தேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து சில வருடங்கள் இருக்கும். நாங்கள் குடியிருந்த அம்மருட்டிலிருந்து நகரத்துக்குப் போய், ஆற்றங்கரையில் ஒரு மண்டபத்தைத் துப்புரவு செய்வேன். செவ்வாய்க்கிழமைப் பின்னேரங்களில் அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் பாடப் பழகுவார்கள். சொல்லிக்கொடுப்பவள் கிளாரினெட் வாசிக்கும் ஒரு யூதப் பெண். பாட்டின் மொழி யிட்டிஷ், அவர்கள் வீட்டுக்குள் பேசி வந்த மொழி. இசைக்குக் கிளெஸ்மர் என்று பெயர். அவர்களுடைய கல்யாண வீட்டு மேளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளாரினெட் அழுகிற மாதிரித் தொடங்கும். நாம் கண்ணைத் துடைப்பதற்குள் சிரிக்கத் தொடங்கிவிடும். நான் வாளியை வைத்துவிட்டுக் கதவடியிலேயே நிற்பேன்.

ஒருநாள் எனக்குப் பேசத் தெரிந்த நோர்வே மொழியில் அவளிடம் கேட்டேன்.

"இது என்ன பாட்டு பிள்ளை?"

"பஸ் பிந்தி வாற பாட்டு. நான்தான் எழுதினனான்."

"உது பழைய ஆக்களின்ரை பாஷை எண்டெல்லோ சொல்லுகினம்?"

"நான் மனுசனோடை சண்டை பிடிக்கிறதே இந்தப் பாஷையிலைதான்" என்றாள்.

அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. பனியில் கால் விறைக்க நான் காத்து நின்ற அதே பஸ்ஸை ஏசி ஒரு பாட்டு! நானும் சேர்ந்துகொண்டேன்.

மகளுக்கு விருப்பமில்லை. "அங்கை எல்லாரும் பேப்பரைப் பாத்துப் பாடுவினம். நீங்கள் என்னத்தையம்மா பாக்கப் போறியள்?"

"அவையின்ரை வாயைப் பாப்பன்."

பார்த்தேன். இரண்டு கிழமையில் பாட்டு முழுவதும் மனதில் ஏறிவிட்டது. கோயில் பஜனையில் முன்னுக்கிருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். காதில் விழுந்தது போகாது. ஆனால் பாடும்போது கை தானாகவே தொடையில் தாளம் போடும். வில்லங்கம் அதில்தான் வந்தது. அடுத்து வரும் கச்சேரியில், மேடையில் எல்லோரும் பாட்டுப் பேப்பர் வைத்த கறுப்பு ஃபைலை இரண்டு கையாலும் பிடித்து அசையாமல் நிற்க வேண்டுமாம்.

"கையை நிப்பாட்டுங்கோ. இல்லாட்டிக் கச்சேரியண்டு கீழை இருந்து கேளுங்கோ" என்றாள் ஆசிரியை.

அந்த மேடையை எத்தனை வருடம் துடைத்தேன். ஒருநாள் அதில் நின்று பாடாமல் விடுவேனா? ஃபைலை வாங்கிப் பிடித்தேன். திறந்தும் பார்க்கவில்லை.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மண்டபம் நிறைந்து விட்டது. மகள் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் இருந்தாள், எழும்பி ஓட வசதியாக. பஸ் பாட்டு மெதுவாகத் தொடங்கிச் சுற்றுக்குச் சுற்று வேகம் கூடும், எங்கள் பஜனை மாதிரியே. அன்றைக்குச் சனம் கைதட்டத் தட்ட, எங்களோடு வாசிக்க வந்த வயலின்காரன் உரு வந்தவன் மாதிரி வேகத்தை இன்னும் கூட்டிவிட்டான். நாலாம் சுற்றில் எங்கள் ஆட்கள் பேப்பரில் இடத்தைத் தவறவிட்டார்கள். ஒருவர் முன்னே போனார், ஒருவர் பின்னே இழுத்தார். என் பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற நீதவான் வாயை வெறுமனே திறந்து திறந்து மூடினார். ஆசிரியையின் வாயில் கிளாரினெட். கண்ணை மட்டும் உருட்டினாள்.

ஃபைலைக் கக்கத்தில் செருகினேன். தொடையில் ஓங்கித் தட்டி, பஜனைக் குரலை எடுத்து விட்டேன். நீதவான் என் கையைப் பார்த்துப் பாட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர். எவ்வளவு வேகம் வந்தாலும் நாங்கள் விடவில்லை. கடைசி அடியில் எல்லோரும் ஒன்றாக வந்து நின்றோம். சனம் எழும்பி நின்று தட்டியது.

மகள் மேடையடிக்கு ஓடி வந்தாள். "என்னம்மா செய்தனீங்கள்!"

"பஸ்ஸைக் கொண்டுவந்து சேர்த்தனான்" என்றேன்.

அடுத்த செவ்வாய் ஆசிரியை ஃபைல்களை எல்லாம் வாங்கி அலுமாரிக்குள் வைத்தாள். என்னை நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இவவின்ரை கையைப் பாருங்கோ."

நீதவானும் பார்த்தார்.