பென்சாயில் குளோரைடு பாட்டில்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்த்த கல்லூரியில் பழைய வேதியியல் ஆய்வகத்தை ஒழிக்கிறோம், ஒரு எட்டு வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவளுக்கு அங்கே என்ன வேலை என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். மேல் அலமாரியின் மூலையில் அந்தப் பழுப்புக் கண்ணாடி பாட்டில் இருந்தது. லேபிளில் அக்காவின் குண்டுக் கையெழுத்து: பென்சாயில் குளோரைடு.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல. எண்பதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மூத்த டெமான்ஸ்ட்ரேட்டர். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பெயர்கள் விஷயத்தில் மகா பிடிவாதக்காரி. புதுப் பாடப்புத்தகத்தில் எத்தனாயில் குளோரைடு என்று போட்டிருக்கும். அலமாரியில் அசிட்டைல் குளோரைடு என்று இருக்கும். பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கும். வீட்டில் கூப்பிடுகிற பேர் ஒன்று, பள்ளிக்கூடத்துப் பேர் ஒன்று, ஆள் ஒருத்திதான் என்பாள் அக்கா. அமிலத்திலிருந்து ஓஹெச் கழன்றுபோனால் மிஞ்சுவது அசைல் தொகுதி. அசிட்டிக் அமிலம் அசிட்டைல் ஆகும், பென்சாயிக் அமிலம் பென்சாயில் ஆகும். அது தனியாக நிற்காது. குளோரின் வந்து ஒட்டினால் குளோரைடு என்று பின்னால் சேர்த்துக்கொள்ள வேண்டும். "பேரைச் சொன்னாலே எங்கேருந்து வந்துச்சு, இப்ப யாரோட இருக்குன்னு தெரிஞ்சிரணும்" என்பாள். லேபிள் பொய் சொல்லக் கூடாது என்பது அவள் கட்சி.

பென்சாயில் குளோரைடைத் திறந்தால் கண்ணில் மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி எரியும். அதை ஜன்னலோரம் கொண்டுபோய், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றுவோம். முறை வைத்துச் செய்துகொண்டிருந்த அந்த வேலையை, ஒரு கட்டத்தில் அக்கா யாருக்கும் விடவில்லை.

அவள் கணவருக்கு நெஞ்சில் கட்டி. மில்லில் பிட்டராக இருந்த மனிதர். மதுரை ஆஸ்பத்திரியில் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் அவரிடம் வெறும் நெஞ்சுச்சளி, மாத்திரையில் தீரும் என்று சொல்லி வைத்திருந்தாள். சித்திரை கழிந்ததும் ஷிப்டுக்குப் போய்விடலாம் என்று அவர் பேசிக்கொண்டிருந்தாராம். அவர் காதுக்கு உண்மை எட்டிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு அப்போது குறி. இரண்டு அறையுள்ள வீட்டில் எங்கே போய் அழ முடியும்? ஒருநாள் மாலை, பிள்ளைகள் போன பிறகு, ஜன்னலோரம் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். பாட்டில் அலமாரியில் மூடியபடி இருந்தது. பஸ்ஸுக்கு முன்னால் முகம் கழுவும்படி சொன்னேன்.

"விடு ஏட்டி. அவிய கேட்டா பென்சாயில் குளோரைடுன்னு சொல்லிக்கிடுவேன்."

மே மாத விடுமுறையில் அவர்களைப் பார்க்கப் போனேன். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். அக்கா காபி போட உள்ளே போனதும், என்னைக் கிட்டே வரச் சொன்னார். மூச்சு வாங்கியது.

"டீச்சர், காலேசு பூட்டித்தான கெடக்கு? அந்தப் பாட்டிலை லீவுலயுமா தெறக்கா?"

அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் மேலும் சொன்னார்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிராதீக. தெரிஞ்சா, அழுகுறதையே நிப்பாட்டிருவா."

அந்தக் காபியை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை. ஆடியில் அவர் போய்விட்டார். அக்கா திரும்பி வந்து, ஓய்வு பெறும்வரை அந்த ஆய்வகத்திலேயே இருந்தாள். கடைசிவரை அவருக்குத் தெரியாமலே அனுப்பி வைத்தோம் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல். அதில் எப்படிக் கை வைப்பேன்? போன வருடம் அவளும் போய்விட்டாள்.

பாட்டிலின் மூடியைத் தட்டித் திறந்தேன். நெடி இல்லை. இத்தனை வருடமும் காற்றிலிருந்த ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், இழந்த ஓஹெச்சை அதற்குத் திருப்பிக் கொடுத்திருந்தது. உள்ளே இருந்தது வெள்ளைப் பொடியாக வெறும் பென்சாயிக் அமிலம். லேபிள் மட்டும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்த இளம் ஆசிரியை, "என்ன மேடம், கண்ணு கலங்கியிருக்கு?" என்றாள்.

"பென்சாயில் குளோரைடும்மா" என்றேன்.

அவளும் வேதியியல் படித்தவள். பாட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆமா மேடம், கரிக்கத்தான் செய்யுது" என்றாள்.