சுத்தத் தண்ணீர்த் தொட்டி

இது கட்டிய கதை இல்லை. என் தம்பி ஆந்த்ரேயின் மனைவி ஒடெட்டுக்கு நடந்தது. அவள் பயந்த சுபாவக்காரியாக இருந்திருந்தால் நானே இதை நம்பியிருக்க மாட்டேன். காரைக்காலில் எங்கள் தெருக்கோடிப் புளியமரத்தை எல்லோரும் பேய்க்குப் பயந்து சுற்றிக்கொண்டு போன காலத்தில், அதன் அடியிலேயே சைக்கிளைச் சாய்த்துவிட்டு டியூஷனுக்குப் போனவள் அவள். மீன்வளம் படித்தவள். இன்று அவள் நண்பகலில் மூடிய அறைக்குள் தனியாக இருக்க மாட்டாள். வாசல் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டுதான் சமைக்கிறாள்.

ஏன் என்று கேட்டேன். ஒரே ஒரு தடவை சொன்னாள்.

2013 ஏப்ரல். வியட்நாமின் சைகோனில் மழைக்கு முந்தைய வெயில். ஆந்த்ரேவுக்கு டான் சோன் நாட் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை. ஒடெட்டுக்கு விமான நிலையத்தின் பின்புறச் சந்தில், ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குறுகலான மூன்று மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தின் கடைசியில் ஜன்னல் இல்லாத மீன் அறை. அதுதான் அவள் இடம். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போதெல்லாம் தொட்டிகளில் தண்ணீர் நடுங்கும்.

தொழிற்சாலைகள் அனுப்பும் மருந்தைத் தண்ணீரில் கலந்து, அதில் மீனை விட்டு, எத்தனை சாகிறது என்று பார்ப்பது அவள் வேலை. ஒரு சோதனைக்கு நாலு நாள். ஆறு கண்ணாடித் தொட்டி, தொட்டிக்கு ஏழு கெண்டைக் குஞ்சு. முதல் தொட்டியில் வெறும் சுத்தத் தண்ணீர். மற்ற ஐந்திலும் மருந்து, ஒன்றைவிட ஒன்றில் கூடுதலாக. எந்த அளவில் பாதி மீன் சாகிறதோ, அதுதான் விடை. நாலு நாளும் தீனி போடக் கூடாது. சுத்தத் தண்ணீரிலேயே ஒன்றுக்கு மேல் செத்துப்போனால் மொத்தமும் வீண்.

ஒரு மீன் சாய்ந்து கிடந்தால் கண்ணாடிக் குச்சியால் வாலடியில் தொடுவாள். துடித்தால் உயிர் இருக்கிறது. துடிக்கவில்லை, செவுளும் திறக்கவில்லை என்றால் வலையில் எடுத்துவிடுவாள். அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை, அருவருப்பும் இல்லை.

அந்த வாரம் வந்தது பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையின் மருந்து. ரப்பர் மரப் பலகையில் பூசணம் பிடிக்காமலிருக்க முக்கி எடுப்பது. நீல நிறக் கேனில் வந்தது; மீன் அறையிலேயே ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். பழுத்த பழம் அழுகுவது போல ஓர் இனிப்பு வாசம். கழிவை வாய்க்காலில் விட அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் சோதனை. மேலாளர் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மதியச் சாப்பாடு முடிந்ததும் அலுவலகமே தூங்கும். மேலாளர் முதல் பெருக்குகிறவர் வரை, கூடத்தில் பாய் விரித்து, விளக்கை அணைத்துவிட்டு, வரிசையாகப் படுத்துவிடுவார்கள். ஒரு மணி வரை பேச்சு மூச்சு இருக்காது. ஒடெட்டுக்குப் பகலில் தூக்கம் பிடிக்காது. அந்த நேரத்தில் மீன் அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள்.

பேய் இரவில்தான் வரும் என்று யார் சொன்னது? நம் ஊரில் உச்சிப்பொழுதுக்கும் பயப்படுவார்கள். அவள்தான் எதற்கும் பயப்படாதவளாயிற்றே.

திங்கட்கிழமை காலை மீன்களை விட்டாள். செவ்வாய் மதியம் பன்னிரண்டே காலுக்கு உள்ளே போனாள். கடைசித் தொட்டியில் ஏழும் செத்து மிதந்தன. எதிர்பார்த்ததுதான். வலையை எடுக்கத் திரும்பினாள்.

சுத்தத் தண்ணீர்த் தொட்டியில் ஏழு மீனும் ஒரே மூலையில் நின்றன. தலையைத் தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு.

தீனி போட யாராவது வந்தால்தான் அப்படி நிற்கும். அவள் நின்றதோ எதிர்ப்பக்கம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை நகர்ந்தன. ஏழும் சேர்ந்து, கண்ணாடியை ஒட்டியபடி, இடமிருந்து வலமாக. பிறகு இரண்டாம் தொட்டி மீன்கள். பிறகு மூன்றாம் தொட்டி. யாரோ தொட்டிகளை ஒட்டி மெதுவாக நடந்துபோவது போல.

கடைசித் தொட்டியில், செத்த மீன்கள் ஏழும் மெல்லத் திரும்பி, அதே பக்கம் தலை வைத்தன.

காற்றுக் குமிழ் தள்ளியிருக்கும் என்று அவள் சொல்லிக்கொண்டாள். குனிந்து பார்த்தாள். அந்தத் தொட்டியின் காற்றுக்குழாய் கழன்று கிடந்தது. குமிழே இல்லை.

அன்றிரவு ஆந்த்ரேயிடம் சொன்னாள்.

"நிழலு எதாச்சும் பட்டுருக்கும்மா."

"ஜன்னலே இல்லங்க. நிழலு எங்கேருந்து வரும்?"

"அப்ப பசிதான். ரெண்டு நாளா பட்டினி போட்டா, உன்னை எங்க கண்டாலும் வாயத் தொறக்கும்."

சிரித்துவிட்டுப் படுத்துவிட்டான். அவளும் சிரித்தாள். ஆனால் செத்த மீனுக்கு என்ன பசி?

புதன் மதியம். சுத்தத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. இடுக்கியால் எடுத்தாள். சோறு. அந்த ஊர்க் குருணைச் சோறு. நாலைந்து பருக்கை. தொட்டபோது இன்னும் சூடு இருந்தது.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. சோதனையைக் கெடுக்க யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நினைத்தாள். நேரே ஹானிடம் போனாள். ஹான் அங்கே பல வருடங்களாக இருக்கிற வியட்நாம்காரி. ஒடெட்டைவிட மூத்தவள். ஒடெட் அவளை 'சி ஹான்' என்பாள், ஹான் அக்கா என்று அர்த்தம். ஹான் இவளை 'ஏம்' என்பாள், தங்கச்சி. பேச்செல்லாம் ஆங்கிலமும் வியட்நாமியமும் கலந்து.

"சி ஹான், மீனுக்குச் சோறு போட்டது யாரு?"

ஹானின் முகத்தில் ரத்தமே இல்லை.

"சோறா?"

"ஆமா. குருணைச் சோறு."

"ஏம்... மதியத்துல அங்க போகாத. எங்ககூட வந்து படு."

"ஏன்?"

"வெக்கை." பாயை உதறி விரித்துப் படுத்துவிட்டாள்.

ஒடெட்டுக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது. யாரென்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு கட்டினாள்.

வியாழன் மதியம், எல்லோரும் பாய் விரிக்கும்போதே மீன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்பக்கம் பூட்டினாள். சாவியை அங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கூடத்தில் யாரோ விளக்கை அணைத்தார்கள். அதோடு மீன் அறையின் காற்றை வெளியேற்றும் விசிறியும் நின்றது. இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். அதை அவள் அதுவரை கவனித்ததே இல்லை. ஏர் பம்ப் மட்டும் ஓடியது. தொட்டிகளின் மேலே ஒரு சின்ன விளக்கு.

பன்னிரண்டு பத்து.

ஒன்றுமில்லை. குமிழ்ச் சத்தம்தான்.

பன்னிரண்டு இருபது. விமானம் ஒன்று இறங்கியது. கட்டடம் அதிர்ந்தது. ஐந்து தொட்டிகளில் தண்ணீர் நடுங்கியது.

சுத்தத் தண்ணீர்த் தொட்டியில் நடுங்கவில்லை. கண்ணாடித் துண்டு போல அப்படியே நின்றது.

விமானச் சத்தம் பாதியில் அறுந்தது. பம்ப் சத்தமும் இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

க்ளப்...

க்ளப்...

மீன் மேலே வந்து காற்றை விழுங்குகிற சத்தம். ஆனால் தொட்டியிலிருந்து வரவில்லை. அவளுக்குப் பின்னால். கீழே... தரையிலிருந்து.

திரும்பத் தைரியம் வரவில்லை. எதிரே தொட்டிக் கண்ணாடியில் பார்த்தாள். அறை அதில் மங்கலாகத் தெரிந்தது. தரையில் ஒரு நீலப் பாய். அதில் ஒருத்தி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கூந்தல் முகத்தில். வாய் மட்டும் தெரிந்தது. திறந்தது. மூடியது. திறந்தது.

க்ளப்...

வெடுக்கென்று திரும்பினாள். வெறும் தரை. பாய் இல்லை. யாரும் இல்லை.

மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

பாய் இருந்தது. அதில் படுத்திருந்தவள் இல்லை.

கண்ணாடியில், ஒடெட்டின் தோளை ஒட்டி, ஒருத்தி நின்றாள்.

"யாரு..." தமிழில்தான் வந்தது.

சுத்தத் தண்ணீரில் ஒரு பள்ளம் விழுந்தது. சின்னப் பள்ளம். ஐந்து விரல் அகலம். ஒரு கை உள்ளே போனால் தண்ணீர் எப்படி விலகுமோ, அப்படி. ஆனால் கை கண்ணுக்குத் தெரியவில்லை. ஏழு மீனும் ஓடிவந்து அதைச் சூழ்ந்தன. ஒன்றுமில்லாததைக் கொத்தின.

ஓட வேண்டும் என்று நினைத்தாள். பையிலிருந்து சாவியை எடுத்தாள். சாவி விரலிலிருந்து நழுவி எங்கோ விழுந்தது.

இனிப்பு வாசம்.

தலை கனத்தது. படுத்தால் தேவலை என்று தோன்றியது. படுத்தாள். கன்னத்துக்கு அடியில் பாயின் கோரை குத்தியது.

இல்லாத பாய்.

மூச்சு வரவில்லை. வாயைத் திறந்தாள்...

மூடினாள்...

முதுகுத்தண்டின் அடியில் ஒரு விரல் தொட்டது.

ஈரமாக. சில்லென்று.

ஒரு தடவை.

காத்திருந்தது.

மறுபடி தொட்டது.

உயிர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்... அவ்வளவுதான் அவளுக்கு நினைவு.

கண் விழித்தபோது சந்தில் கிடந்தாள். முகத்தில் வெயில். ஹான் அவள் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தாள். சுற்றிலும் கூட்டம். வயிற்றில் இருந்ததெல்லாம் வாந்தியாக வந்தது. நீலக் கேனின் மூடி லேசாகத் தளர்ந்திருந்ததாம். விசிறி நின்றதும் ஆவி அறைக்குள் தேங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவள் பிழைத்திருக்க மாட்டாள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

"கதவை உடைச்சீங்களா, சி ஹான்?"

"உடைக்கல. தொறந்துதான் இருந்திச்சு."

"நான் பூட்டியிருந்தேன்."

ஹான் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். "என்னை ஒருத்தி எழுப்பினா. காலைத் தொட்டு. கண்ணத் தொறந்தா யாரும் இல்ல. பாதத்துல ஈரம்" என்றாள்.

அன்று மாலை மருத்துவமனை வாசலில், ஐஸ் போட்ட காபியைக் குடிக்காமலே கையில் வைத்துக்கொண்டு, ஹான் மிச்சத்தையும் சொன்னாள். ஒடெட்டுக்கு முன்னால் அந்த வேலையில் துயெத் என்று ஒரு பெண் இருந்தாள். இருபத்தாறு வயது. கூடத்தில் எல்லோரும் குறட்டை விடுகிறார்கள் என்று மீன் அறையில் பாய் போட்டுப் படுப்பாள். சாப்பாட்டில் ஒரு வாய் எடுத்து வைத்து மீனுக்குப் போடுவாள், சோதனை நாளில்கூட. அதற்காக மேலாளரிடம் திட்டு வாங்குவாள். ஒரு நாள் மதியம் மூடி தளர்ந்த ஒரு கேன் பக்கத்தில் இருந்தது. இதே தொழிற்சாலை மருந்து. ஒரு மணிக்கு எல்லோரும் எழுந்தார்கள். துயெத் எழுந்திருக்கவில்லை. வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாள் என்று சொல்ல வேண்டும் என்று மேலாளர் எல்லோரிடமும் சொல்லிவைத்தார்.

"நீங்களும் அதையேதான் சொன்னீங்களா?"

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க, ஏம்."

மறுநாள் சோதனை முடிந்தது. ஹான்தான் எண்ணினாள். சுத்தத் தண்ணீரில் ஏழும் உயிரோடு இருந்தன. மற்ற எந்தத் தொட்டியிலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிகக் குறைந்த மருந்திலும் இல்லை. இன்னும் நீர்க்கக் கலந்து மறுபடி செய்யச் சொன்னார் மேலாளர். ஒடெட் மறுத்துவிட்டாள். ராஜினாமா கொடுத்தபோது அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. விசிறிக்குத் தனி சுவிட்ச் வைத்தார்கள். அதோடு சரி.

ஆனால் ஒடெட்டால் சும்மா இருக்க முடியவில்லை. துயெத் தன் உயிரைக் காப்பாற்றியவள். ஒரு மெழுகுவர்த்தியாவது ஏற்ற வேண்டாமா? ஹானுக்குப் போன் போட்டாள்.

"துயெத்தை எங்க பொதைச்சிருக்காங்க? பூ வைக்கணும்."

மறுமுனையில் ஹான் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"பொதைக்கல" என்றாள் ஹான். "அவ சாகல, ஏம்."

ஞாயிற்றுக்கிழமை, ஹானின் மோட்டார் சைக்கிளில் இருவரும் பின் யுவோங் போனார்கள். தொழிற்பேட்டையைத் தாண்டி, ரப்பர் தோட்ட ஓரம், தகரக் கூரை வீடு. துயெத்தின் அம்மா உள்ளே கூட்டிப் போனாள். கட்டிலில் ஓர் எலும்புக்கூடு போல ஒரு பெண். கண் திறந்திருந்தது. பார்வை இல்லை. இரண்டு வருடமாக அப்படியேதான். எழுந்ததில்லை, பேசினதில்லை, யாரையும் தெரிந்துகொண்டதில்லை.

உச்சி வெயிலில் தகரம் படபடத்தது.

ஒடெட் கட்டிலோரம் உட்கார்ந்தாள். மெல்ல அந்த வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். உடனே விட்டுவிட்டாள்.

விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. வெகுநேரம் தண்ணீரில் ஊறிய கை போல.

"இப்பத்தான் கழுவி விட்டீங்களா?" ஹான் கேட்டாள்.

அம்மா இல்லையென்று தலையாட்டினாள்.

"காலையில துடைச்சதுதான். தெனம் மத்தியானம் இப்படி ஆயிடும். சாயங்காலம் காஞ்சிடும். டாக்டருக்கும் புரியல." மகளின் இடது கையை எடுத்துக் காட்டினாள். காய்ந்து, சாதாரணமாக இருந்தது.

"இந்த ஒரு கைதான்" என்றாள். "மணிக்கட்டு வரைக்கும்."