பன்னிரண்டு அடுப்பு, ஒரே கதவு எண்

இரண்டு வருடத்துக்கு முன்னால், 2006 மே மாதம், திருப்பூர்ப் பக்கம் போனேன். ஊர் சுற்ற அல்ல. அவிநாசிபாளையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு ஊருக்குக் குடிநீர்த் திட்டம் போட்டுத் தரும்படி நண்பர் கேட்டிருந்தார். நான் சிவில் டிப்ளமா. காசு வாங்காமல் செய்கிறோம் என்ற மிதப்பு வேறு. அவர் அனுப்பிய வீட்டுவரிப் பட்டியலை வைத்து, கோவையில் உட்கார்ந்தபடியே மூன்று திட்டங்கள் வரைந்துவிட்டேன்.

காலை 9.10க்குத் திருப்பூரில் தாராபுரம் பஸ், டிக்கெட் ஏழு ரூபாய், முக்கால் மணி நேரப் பயணம். அவிநாசிபாளையத்தில் இறங்கி ஆட்டோ, நாற்பது ரூபாய். "தண்ணி பாக்கறதுக்குங்களா? பாத்துட்டு மட்டும் போங்க, குடிச்சுப் போடாதீங்க" என்றார் டிரைவர். சிரித்தேன்.

ஊர்க் கிணற்றில் வாளியை இறக்கியதும் சிரிப்பு போய்விட்டது. சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீர் இறங்கி நிலத்தடி நீரே உப்பாகிவிட்டது. அந்த நீரில் பருப்பு வேகாது, பாலில் கலந்தால் திரிந்துவிடும். கிணற்றைச் சுத்தம் செய்வது, புது போர் போடுவது என்ற இரண்டு திட்டங்களையும் அங்கேயே அடித்தேன். மிச்சம் இருந்தது ஒன்றுதான்: மெயின் ரோட்டில் போகும் ஆற்றுக் குடிநீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை இழுப்பது.

மதியம் ஒரு மணிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். எல்லோரும் சரி என்றார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தார். பெயர் செல்வராணி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீட்டில் குடியிருப்பவர். பக்கத்துப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சாப்பாட்டு நேரத்தில் வந்திருந்தார்.

"அண்ணாச்சி, எங்க லைனுக்கு எத்தன குழா?"

வரைபடத்தைப் பார்த்தேன். ஒன்று. அதுவும் லைனை வாடகைக்கு விட்டிருக்கும் சொந்தக்காரரின் வீட்டு வாசலுக்குள். பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கும் லைன், வரிப் பட்டியலில் அவர் வீட்டோடு சேர்ந்து ஒரே கதவு எண். ஒரு வீடு, ஐந்து பேர் என்று நானும் கணக்குப் போட்டிருந்தேன். அட மடையா! தொட்டி, குழாய் எல்லாமே அந்தக் கணக்கில்தான்.

"பஞ்சாயத்து லாரி எப்ப வரும்னே தெரியாது. நின்னு புடிச்சா ஷிஃப்டு போயிருது. இன்னொரு நாள் லேட்டா வந்தா வேலைக்கே வரவேண்டாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு" என்றார்.

பன்னிரண்டு என்று திருத்துகிறேன் என்றேன். லைன் வீட்டுச் சொந்தக்காரர் பதறிப்போனார். "ஏனுங்க, அப்படி எழுதிப்போடாதீங்க. பன்னெண்டுக்கும் வரி போட்டுருவாங்கல்லங்க. நம்ம குழாய்லயே புடிச்சுக்கட்டுங்க, நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

தலைகள் ஆடின. திட்டத்தோடு சேர்த்து மனு அன்று மாலையே குடிநீர் வாரியத்துக்குப் போயாக வேண்டும் என்றார் கூட்டத்துக்கு வந்திருந்த நண்பர். அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன். செல்வராணி கம்பெனிக்கு ஓடினார்.

போன மாதம் மறுபடி போனேன். குழாய் வந்திருக்கிறது. ஒன்றுவிட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம், நூல் போல வரும் தண்ணீர். சொந்தக்காரர் வீட்டுக்கே அது போதவில்லை. ஊருக்குத்தான் குழாய் வந்துவிட்டதே என்று லாரியையும் நிறுத்திவிட்டார்கள்.

செல்வராணி வீட்டுக் கதவில் பூட்டு. "லாரி நின்னதும் தண்ணிக்கு மெயின் ரோடு வரைக்கும் நடக்க வேண்டியதாயிட்டு. லேட்டாகி லேட்டாகி அந்த மாசமே அவளுக்கு வேல போயிட்டு. ஊருக்கே திரும்பிட்டாவ" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

இப்படித் திட்டம் போடக் கிளம்புகிறவர்களுக்கு: பட்டியலை மூடிவைத்துவிட்டு வீடு வீடாக அடுப்பை எண்ணுங்கள். அரை நாள் ஆகும், தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். லைன் வீடுகளுக்கு ஷிஃப்டு முடிந்து ஆட்கள் வந்தபிறகு போங்கள். அப்புறம் திருத்தலாம் என்று யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்கெல்லாம் முடியாது என்றால் போகவே போகாதீர்கள். நான் போகாமல் இருந்திருந்தால் அந்த லாரியாவது வந்துகொண்டிருந்திருக்கும்.