தணிகாசலம் நின்ற இடம்

மணலில் வறுபடும் வேர்க்கடலையின் வாசனை வந்தால் பலருக்கு நாக்கில் நீர் ஊறும். எனக்கோ உடம்பெல்லாம் அலுத்துப்போய், எங்கேயாவது சற்று உட்கார இடம் கிடைக்குமா என்று கண் தேடத் தொடங்கிவிடும். என் சிறுவயதில் சில வருடங்கள் அம்மாவின் சேலை முழுக்க அந்த வாசனைதான் இருந்தது. முந்தானையில் ஒரு முடிச்சு, அதற்குள் தோல் நீக்கி இரண்டாகப் பிளந்த 'மல்லாட்டை'. பெருநகர் என்ற எங்கள் ஊர்ப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு நாங்கள் சொன்ன பெயர் அதுதான். அந்த முடிச்சிலிருந்து ஒரு பருப்பைக்கூட நான் எடுத்துத் தின்னக் கூடாது. அத்தனையும் என் அண்ணன் தணிகாசலத்துக்கு.

அண்ணனுக்கு அப்போது எட்டு ஒன்பது வயதிருக்கும். பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்ப மாட்டான், முகத்துக்கு முன்னால் விரல்களை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே பொழுதெல்லாம் இருப்பான். திடீரென்று எழுந்து ஓட ஆரம்பிப்பான். ஓடினால் ஓட்டம்தான், எதிரே இருப்பது முள்வேலியா, மாடா, சுற்றுச்சுவர் இல்லாத கழனிக் கிணறா என்பதெல்லாம் அவனுக்குக் கணக்கில்லை. ஆட்டிசம் என்ற சொல் எங்கள் ஊருக்கு வந்துசேர இன்னும் வெகுகாலம் இருந்தது. அதற்குப் பதிலாக ஊர் வைத்த பெயர்கள் இருந்தன, அவற்றை இங்கே எழுத எனக்கு மனமில்லை. மந்திரித்தாயிற்று, தாயத்துக் கட்டியாயிற்று, நாக்கில் வசம்பு தடவியாயிற்று. ஒருநாள் கிணற்று விளிம்பிலிருந்து அவனை நைனா, எங்கள் அப்பா, எட்டி இழுத்துப் பிடித்தார். அதன்பிறகு நடவு, களையெடுப்பு என்று எல்லோரும் கழனிக்குப் போகும் நாட்களில் அவன் இடுப்பில் மாடு கட்டும் 'தாம்புக்கயிறு' ஏறியது, மறுமுனை வேப்பமரத்தில். நைனா கொடுமைக்காரர் இல்லை. கட்டிவிட்டுச் சாப்பிடாமலே ஏர் பூட்டப் போய்விடுவார். அம்மா அழுதால், "இன்னா பண்ணச் சொல்ற? புள்ள உசுரோட கீறானே, அத்த பாரு" என்பார், அவ்வளவுதான்.

யாரோ சொல்லி, அம்மா அவனைச் சென்னையில் ஒரு பெரிய ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உத்திரமேரூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு பஸ், அப்புறம் ரயில். வழியெல்லாம் அண்ணன் அலறிக்கொண்டே வர, சுற்றியிருப்பவர்கள் பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்று அம்மாவைப் பார்ப்பார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா அவன் இடுப்பிலிருந்த கயிற்றுத் தழும்பைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை என்பதை அம்மா கடைசிவரை நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்தாள். "இதுக்கு மருந்து கிடையாதும்மா, பழக்கணும். முதல்ல ஒண்ணே ஒண்ணு. நில்லுன்னா நிக்கணும். நின்ன அந்த நொடியே அவனுக்கு ரொம்பப் பிடிச்சதை வாயில போடுங்க. தாமதிச்சா, எதுக்குக் கொடுத்தீங்கன்னு அவனுக்குப் புரியாது. நின்ன பிள்ளையைத் திட்டாதீங்க, பிடிச்சு இழுக்காதீங்க, அப்புறம் நிக்கவே மாட்டான். சும்மா இருக்கும்போது அதைக் கொடுக்கவே கூடாது. நல்லா நிக்கப் பழகிட்டான்னா கயிறே வேணாம்" என்றார் டாக்டரம்மா.

கயிறே வேண்டாம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அம்மா தன் உடம்பைத் தேய்த்தாள். விடிந்ததும் தெருவில் அவனை நடக்கவிட்டு, பின்னாலேயே போய், "நில்லு" என்று சொல்லித் தோளைப் பிடித்து நிறுத்தி, வாயில் ஒரு பருப்பைப் போடுவாள். மறுபடி நடை, மறுபடி "நில்லு", மறுபடி பருப்பு. சாணி தட்டும்போது, உலை கொதிக்கும்போது, காய்ச்சலில் கிடந்து எழுந்த மறுநாள், எப்போதும் இதுவேதான். கேட்டுக் கேட்டு எனக்கே அந்தச் சொல் வெறுத்துப்போயிற்று. அவன் மட்டும் காதில் விழாதவன்போல நடந்துகொண்டே இருந்தான்.

போதாக்குறைக்குத் தெருவே குறுக்கே வந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளையின் கண்ணுக்குத் தின்பண்டத்தைக் காட்டிவிட்டுக் கொடுக்காமல் இருப்பது பெரும் பாவம். அதற்கு 'ஏக்கம்' பிடித்துக்கொள்ளும், சோறு இறங்காமல் இளைத்துப்போகும் என்பார்கள். எதிர்வீட்டுத் தனக்கோட்டி அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி, வாயில்லாத புள்ளயாண்ட காட்டிக் காட்டி மறைக்கிறியே, உனுக்கு மனசு எப்படிடி வருது?" என்று கேட்டுவிட்டு, அவன் கை நிறைய மல்லாட்டையை அள்ளிக் கொடுத்தாள். அவளைப் பார்த்து மற்ற வீடுகளும் கொடுத்தன. வயிறு நிறைந்த பிள்ளை எதற்கு நிற்கப் போகிறான்? அம்மா கெஞ்சினாள், சண்டை போட்டாள், பேச்சை நிறுத்தினாள்; ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் முந்தானையை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போனாள். "குடுக்க வோணான்னு சொல்லல அத்தே. எங்கிட்ட குடு. ஒம் பேரச் சொல்லி நானே அவன் வாயில போட்றேன்." அதை யாராலும் மறுக்க முடியவில்லை. தெருவின் பாவபுண்ணியமெல்லாம் அன்று முதல் அம்மாவின் மடியில் விழுந்தது.

அடுத்த அறுவடை முடிவதற்குள் அண்ணன் நிற்கத் தொடங்கினான். அம்மா கை வைக்காமலே, இரண்டு வீட்டுத் தொலைவிலிருந்து சொன்னாலும் நின்றான். நின்று, முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டுவான். நைனா அதைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். அம்மா கயிற்றை அவிழ்த்துக் கொட்டகையில் மாட்டினாள்.

அப்புறம்தான் அது நடந்தது. மறுபடி ஆசுபத்திரிக்குப் போக நாங்கள் மூவரும் மெயின் ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். என்ன தோன்றியதோ, அண்ணன் அம்மாவின் கையை உதறிக்கொண்டு ரோட்டின் குறுக்கே பாய்ந்தான். வளைவில் பஸ் வந்துவிட்டது. "நில்லு!" என்று அம்மா கத்தினாள். அவன் நின்றான். நட்ட நடு ரோட்டில், பழக்கியது பழக்கியபடி அசையாமல் நின்று, கையைப் பின்னால் நீட்டினான். பிரேக் போட்டு பஸ் சாய்ந்து நின்ற இடத்துக்கும் அவனுக்கும் இடையில் ஓர் ஆள் படுக்கலாம், அவ்வளவே. அம்மா ஓடினாள். பிள்ளையை வாரி இழுத்துக்கொண்டு வருவாள் என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள், நானும்தான். அவள் இழுக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பருப்பை எடுத்து, பஸ்ஸுக்கு முன்னாலேயே அவன் வாயில் போட்டு, "நின்னுட்டான் எஞ்சாமி" என்றாள். அதற்குப் பிறகுதான் கையைப் பிடித்து ஓரத்துக்கு நடத்திவந்தாள்.

டிரைவர் இறங்கிவந்து கத்தினார். "அறிவு கீதா உனுக்கு? நடு ரோட்டுல ஊட்டிக்கினு கீற!" பஸ்ஸிலிருந்தவர்கள் பிள்ளையைவிடத் தாய்க்குத்தான் புத்தி சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். நாங்கள் சென்னைக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி நைனாவுக்குப் போய்விட்டது. கொட்டகையிலிருந்து கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

"பேஜார் புடிச்ச வேல இது. வுட்டுரு" என்றார்.

"நின்னான்யா. நிக்கலன்னா இன்னிக்கி புள்ளயே இல்ல."

"நட்ட நடுவுல நின்னா, அது நிக்கிறதா?"

"எங்க நிக்கணும்னு நான் இன்னும் சொல்லிக் குடுக்கலியே" என்றாள் அம்மா. "அத்த நாளிக்கி ஆரம்பிக்கிறேன்."

அவள் குரலில் வீறாப்பு எதுவும் இல்லை. பாத்திரம் கழுவப் போகிறவளின் அலுப்புதான் இருந்தது. நைனா கையில் சுற்றியிருந்த கயிற்றைப் பிரித்தார். பிறகு போய் அந்தக் கயிற்றால் கன்றுக்குட்டியைக் கட்டினார். அண்ணன் இடுப்பில் அது மறுபடி ஏறவே இல்லை.

மறுநாள் "ஓரமா வா" தொடங்கியது. அது முடிய எத்தனையோ மாதம், பிறகு செருப்புப் போட, பிறகு சட்டைப் பித்தான், பிறகு வீடு திரும்ப. ஒன்று முடிந்தால் இன்னொன்று. ஒரு கல்யாணத்துக்குப் போய் அம்மா பந்தியில் முழுதாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

இன்று காஞ்சிபுரத்திலேயே இதற்கான பயிற்சி மையங்கள் இருக்கின்றன. வண்ணப் பாய்கள், பொம்மைகள், பொறுமையான பெண்கள். மரத்தில் பிள்ளையைக் கட்டும் காலம் எங்கள் பக்கத்தில் போயிற்று, நல்லதாயிற்று. தடுத்தும் கொடுத்தும் ஒரு பிள்ளையின் விஷயத்தில் தலையிட்ட தெருவும் போயிற்று. மையத்தின் பெஞ்சில் காத்திருக்கும் இளம் தாய்மார் ஆளுக்கொரு மூலையில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறார்கள், அந்தக் களைப்பு மட்டும் மாறவில்லை.

அண்ணன் என்னோடு இருக்கிறான். தலை நரைத்துவிட்டது, பேச்சு வரவில்லை. காலையில் தானே கதவைத் திறந்துகொண்டு, ரோட்டின் ஓரமாகவே நடந்து ஏரிக்கரை வரை போய்த் திரும்புவான். இது பழகிப் பல வருடமான பிறகும், அம்மா உயிரோடு இருந்தவரை, அவன் வரும்வரை வாசற்படியில் நின்றுகொண்டே இருப்பாள். உட்காரும்மா, அவன்தான் வந்துவிடுவானே என்றால், "வரட்டும், அப்பறம் குந்திக்கிறேன்" என்பாள். அவன் வந்ததும் சோறு போடப் போய்விடுவாள். இன்று காலையும் அவன் போனான்; நான் உள்ளே நாற்காலியில் சாய்ந்து காபி குடித்தேன், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் இப்படி உட்காரும்படி எல்லாவற்றையும் செய்துவைத்துவிட்டுப் போனவள், ஒரே ஒரு நாளாவது தானும் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கலாம்.