இருபதாவது வீடு

வட்டார அலுவலகத்தில் அவளுக்கு இஞ்சு அக்கா என்று பெயர். தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள், பழைய வரைபடங்களைப் பிரதியெடுத்தே வரையக் கற்றுக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வட்டாரத்தில் அவள் டேப் படாத பழைய கட்டிடம் குறைவு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் உட்காருமுன் தூணைச் சாண் போட்டுப் பார்ப்பாள் என்று கேலி செய்வார்கள். அதில் பொய்யும் இல்லை.

அவள் முறை எளிது. வீட்டின் வெளி அகலத்தில் உள் அகலத்தைக் கழித்தால் மீதி இரண்டு பக்கச் சுவர். ஒரு சுவர் முக்கால் அடி என்றால் சிமெண்டு காலம். ஒன்றரை அடியைத் தாண்டினால் சுண்ணாம்புக் காலம், வயது நூறுக்குக் குறையாது. முகப்பைப் பார்த்து வீட்டுக்கு வயது சொல்பவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

கடைவீதியில் முப்பத்தொரு வீடு. அவற்றில் இருபது வீடுகள் நூறு வயதைத் தாண்டியிருந்தால் தெரு முழுவதும் பாதுகாப்புப் பட்டியலில் ஏறும். இல்லாவிட்டால் வடகோடியில் நான்கு வீட்டை இடித்துச் சாலையை அகலமாக்கும் திட்டம் தயாராக இருந்தது. அவள் கணக்கில் சரியாக இருபது வந்தது. அந்தக் கணக்கின்மேல் வெள்ளிக்கிழமை விசாரணை.

புதன்கிழமை ரொட்டிக்கடை வாசல்மேல் கட்டிய வருடம் பொறித்திருந்த கல்லை வரைய ஏணியில் ஏறினாள். கல்லின் ஓரத்தில் கலவை பூசி அடைத்த இரண்டு குழிகள். கீல் மாட்டிய குழிகள். எங்கோ ஒரு கேட்டுக்குத் தூணாக நின்ற கல்லை யாரோ கொண்டுவந்து வாசல்மேல் பதித்திருக்கிறார்கள். சுவரை அளந்தாள். முக்கால் அடி. கல்லில் வருடம் இருக்கிறதே, அளப்பானேன் என்று அந்த வீட்டைப் பட்டியலில் சேர்த்தவர் மேலதிகாரி.

“கண்டுக்காம விடக் கூடாதாம்மா?” என்றார் அவர்.

“ரோடு போடுறவங்க வக்கீலும் ஏணி போட்டு ஏறுனா என்ன சார் பண்ணுவீங்க?”

பத்தொன்பது. புதியவை என்று ஒதுக்கிய பதினோரு வீடுகளின் பக்கங்களை மறுபடி புரட்டினாள். பத்துப் பக்கத்தில் உள்ளளவும் வெளியளவும் இருந்தன. ஒரு பக்கத்தில் அவள் கையெழுத்தில் ‘புதுசு’ என்று ஒரே சொல். அவள் பிறந்த வீடு அது. இப்போது தம்பியின் சைக்கிள் கடை. அவளுக்கு ஏழு வயதில் அப்பா முகப்புக்கு ஓடு பதித்தார். அந்த வேலைக்கு மணல் சுமந்தவளுக்கு டேப் எதற்கு?

முகம் சுருங்கிப் போயிற்று. நேரே தம்பி கடைக்குப் போனாள். பட்டியலில் ஏறிய வீட்டு முகப்பில் கைவைக்க முடியாது. அவனோ முன்சுவரை உடைத்துக் கண்ணாடி வைக்கச் சொல்லியிருந்தான்.

“வாக்கா. இங்க எதை அளக்கப் போற, என் தலையையா?”

“இந்த முனையைப் பிடி.”

வெளியே பதினெட்டு அடி. உள்ளே பதினான்கு. சாவியால் மாடிப்படிக்கு அடியில் பூச்சைச் சுரண்டினாள். சுண்ணாம்பு, மெல்லிய செங்கல்.

தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். “நான் அப்பவே சொன்னேன், அண்ணி டேப்போட வந்தா கதவைத் திறக்காதீங்கன்னு.”

“அக்கா, அடுத்த வாரம் கண்ணாடி வருது. அளக்கலைன்னு வச்சுக்கோ. யாருக்குத் தெரியப் போகுது?”

“உனக்குத் தெரியுமே. மறுமுனையைப் பிடிச்சது நீதான?”

“நான் சரியாப் பிடிக்கல. உள்ள டேப் தொய்ஞ்சு கெடந்துச்சு. அந்த அளவு செல்லாது. திரும்ப அளந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்.”

அளவுத்தாளில் உடனிருந்தவர் கையெழுத்து வேண்டும். அது அவனுக்கும் தெரிந்திருந்தது. அவள் டேப்பை நீட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். தொய்வு போனதும் உள்ளளவு இரண்டு அங்குலம் குறைந்தது. சுவர் ஒவ்வொன்றும் ஒரு அங்குலம் தடித்துவிட்டது.

தம்பி மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இன்னொரு தடவை இழுங்க. கோட்டை ஆயிடும்.”

அவன் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டான்.

“எழுதித் தொலை. கண்ணாடிக்காரனுக்கு மட்டும் நீயே போன் பண்ணிச் சொல்லு. அவன் திட்டுனா நீயே வாங்கிக்கோ.”

‘புதுசு’ என்பதை அடித்து இரண்டு அளவையும் எழுதினாள். பிறகு கண்ணாடிக்காரன் நம்பரைக் கேட்டாள்.