கண்மலர் விழுந்த டப்பா

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நான் ஒரு சேவைக் குழுவில் இருந்தேன். சேவை மீது அவ்வளவு ஈடுபாடா என்று கேட்டால், குழுவில் இருப்பவர்களுக்குச் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் கிடையாது. அந்த வருஷம் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு வேன் வாங்கித் தருவதாகக் குழு ஒப்புக்கொண்டது. ஒரு சனிக்கிழமை முழுக்க ஊர் சுற்றி வசூல் செய்ய வேண்டும். எடை அதிகமுள்ள டப்பாவைக் கொண்டுவருபவருக்கு ஆண்டு விழா மேடையில் சான்றிதழ் என்று அறிவித்தார்கள். அது எனக்குத்தான் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். கண்ணாடி முன்னால் நின்று மூன்று நிமிஷப் பேச்சு ஒன்றைத் தயார் செய்தேன். எந்த வரியில் குரல் கம்ம வேண்டும் என்பது வரை ஒத்திகை பார்த்தேன்.

பள்ளி வேன் மஞ்சளாக இருக்கும், அதனால் எல்லோரும் மஞ்சள் உடையில் வாருங்கள் என்று சீனியர்கள் சொன்னார்கள். டப்பாவுக்கும் மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். பங்குனி மாதம், சமயபுரத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் சாரி சாரியாக நடந்துபோகிற நேரம். அந்த நேரத்தில் திருச்சித் தெருக்களில் ஐம்பது பேரை மஞ்சள் உடுத்த வைத்து, கையில் உண்டியலும் கொடுத்து விடுகிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். நான் வேதக்கார வீட்டுப் பெண், எனக்கென்ன தெரியும் என்று நழுவவும் வழியில்லை. மஞ்சள் புடவை கட்டி வீடு வீடாக மடிப்பிச்சை எடுத்து, அதை அம்மனுக்குச் செலுத்துகிற பெண்கள் எங்கள் தெருவுக்கும் வருவார்கள். அம்மா ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் அவர்களுக்குக் காசு போட்டுவிட்டு வருவார்.

காலையில் சின்னக்கடை வீதியில் என் பேச்சை அரங்கேற்றினேன். முதல் கடையில் கல்லாவில் இருந்தவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "முதலாளி வெளியூர் போயிருக்காரும்மா" என்றார். அவரே ரிப்பன் வெட்டிக் கடை திறக்கிற போட்டோ அவர் தலைக்கு மேலே மாட்டியிருந்தது. அடுத்த கடையில், "போன வாரந்தான் ஒரு குரூப் வந்துச்சு" என்றார்கள். அதற்கடுத்த கடையில் நான் குரல் கம்ம வேண்டிய இடத்துக்கு வந்தபோது தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பதினோரு மணிக்கு என் டப்பாவில் இருந்தது, குலுக்கினால் சத்தம் வரட்டும் என்று நானே போட்ட ஐந்து ரூபாய் ஒன்றுதான்.

ஸ்ரீரங்கத்தில் படித்தவர்கள் அதிகம், என் பேச்சின் அருமை அங்கேதான் தெரியும் என்று, என்னோடு வசூலுக்கு வந்த தோழியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உத்திர வீதியில் ஒரு ரிட்டயர்ட் மாமா கேட்டைத் திறந்து என்னை நிற்க வைத்தார். "ரிஜிஸ்டர் பண்ணின டிரஸ்டா? எய்ட்டி ஜி வரிவிலக்கு உண்டோ?" என்று கேட்டார். நான் நோட்டீஸை நீட்டினேன். அவர் உள்ளே போய்ச் சிவப்புப் பேனா எடுத்துவந்து, அதில் நான்கு பிழை திருத்தி, "சரி பண்ணிண்டு வாங்கோ, பாக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த நோட்டீஸை எழுதியது நான். கோபத்தில் விறுவிறுவென்று நடந்ததில் செருப்பின் வார் அறுந்துபோயிற்று. இரண்டையும் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தேன்.

அடையவளைஞ்சான் வீதிப் பக்கம் வந்தபோது உள்ளங்கால் கொதித்தது. நாக்கு வறண்டு பேச்சு வரவில்லை. தோழி எதிர் வரிசை வீடுகளுக்குப் போனாள். நான் ஒரு வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா நின்றேன். உள்ளேயிருந்து வந்த அம்மா என் மஞ்சள் சுடிதாரைப் பார்த்தார், வெறுங்காலைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நோட்டை மடித்துப் போட்டு, டப்பாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த வீட்டில் செம்பு நிறைய மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றினார்கள். கூச்சத்தில் உயிர் போயிற்று. ஆனால் காலுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். "விரதமாம்மா? மோராச்சும் குடி" என்றார் அந்த வீட்டு அம்மா. காலையில் நான் இரண்டு முட்டை தோசை சாப்பிட்டிருந்தேன். எங்கள் வீட்டில் அது தவக்காலம். அந்த விரதமும் நான் இருக்கவில்லை.

தோழி தெருவைத் தாண்டி ஓடிவந்தாள். "ஏய், உன்னை மடிப்பிச்சைக்கு வந்தவன்னு நினைக்கிறாங்கடி. சொல்லிடு."

"நான் வாயே திறக்கலையே. பொய் சொன்னாத்தானே தப்பு?"

"எனக்கு இந்த வேலை வேணாம்ப்பா" என்று அவள் வேறு தெருவுக்குப் போய்விட்டாள். வலிய வருகிற சீதேவியை யாராவது காலால் எட்டி உதைப்பார்களா? நான் அடுத்த ஏழெட்டு வீடுகளுக்கு வாயைத் திறக்காமல் போனேன். மூன்று நிமிஷப் பேச்சுக்கு விழாத காசு, மௌனத்துக்குக் கொட்டியது. போகப் போக எனக்கே ஒரு தோரணை வந்துவிட்டது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டேன், தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டேன். சான்றிதழ் வாங்கும்போது எந்தப் புடவை கட்டலாம் என்றுகூட யோசித்தேன்.

ஒரு சந்து வீட்டின் முன்னால் அப்படிச் சாய்ந்து நின்றபோது, என் அக்கா வயதுள்ள ஒரு பெண் ஓடிவந்தார். கையில் மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. "கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி வந்தீங்க" என்றார். "கண்மலர் வாங்கி வச்சிருக்கேன். நானே போய் உண்டியல்ல போடணும்னுதான் இருந்தேன். பொண்ணுக்கு விளையாடறப்ப கண்ணுல குச்சி குத்திடுச்சுங்க. நாளைக்குக் காலையில ஆபரேஷன். அவளை விட்டு நகர முடியல. ஆபரேஷனுக்கு முன்னாடி இது அம்மன் காலடியில சேர்ந்துடணும்." மகளின் பேரும் நட்சத்திரமும் சொன்னார். சொல்லி முடிக்கும்போதே முடிச்சு டப்பாவின் துளை வழியாக உள்ளே போய்விட்டது. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அழுதபடி உள்ளே ஓடினார்.

கண்மலர் என்பது மெல்லிய வெள்ளித் தகட்டில் செய்த இரண்டு கண்கள். கண் நோய் தீர அம்மனுக்குச் செலுத்துவது. அது இப்போது பள்ளி வேனுக்கான டப்பாவுக்குள் கிடந்தது. எனக்குத் திருடனைத் தேள் கொட்டியது போல் ஆயிற்று. கத்தவும் முடியாது, ஓடவும் முடியாது.

டப்பாவைக் கவிழ்த்துக் குலுக்கினேன். முடிச்சு வரவில்லை. மூடியின் மேல் பேராசிரியர் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. அதைக் கிழித்தால் அந்த டப்பா கணக்கில் சேராது என்பது விதி. சரி, திரும்பிப் போய் உண்மையைச் சொல்லி அந்த அம்மாவிடமே கொடுத்துவிடலாம் என்று மூன்று முறை சந்து முனை வரை போனேன். மூன்று முறையும் கால் நின்றுவிட்டது. என் பயம் அம்மனைப் பற்றியது இல்லை. அந்தப் பெண் என்னை என்ன நினைப்பார் என்பதுதான் பயம்.

நான்காம் முறை போவதற்குள் சந்திலிருந்து ஓர் ஆட்டோ வெளியே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பையும் பாயுமாகக் கிளம்பிவிட்டார்கள். அம்மாவின் மடியில் ஏழெட்டு வயதுப் பெண் சாய்ந்திருந்தாள். பச்சைப் பாவாடை, இடது கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி. அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார். ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நெற்றிக்கு உயர்த்தி என்னைக் கும்பிட்டார். ஆட்டோ போய்விட்டது. இனிமேல் அதைச் சேர்க்க என்னைத் தவிர யாரும் இல்லை. நான் தெருவில் நின்று காகிதத்தைக் கிழித்தேன்.

திருவானைக்கோவில் வந்து சமயபுரம் பஸ் ஏறினேன். உள்ளே நிற்க இடமில்லை. ஒரு வயதான அம்மா என் காலைப் பார்த்துவிட்டு எழுந்து, "உட்காரும்மா, நடந்து தேய்ஞ்ச காலு" என்றார். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அந்த இருக்கையில் உட்கார்ந்து போன இருபது நிமிஷம் போல நான் அதற்குப் பிறகு எங்கும் வெட்கப்பட்டதில்லை.

கோயிலில் கூட்டம் நெரிந்தது. வெளி மண்டபத்து உண்டியலிலேயே போட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். காலடியில் சேர வேண்டும் என்று அந்த அம்மா சொன்னது காதிலேயே இருந்ததால் தர்ம தரிசன வரிசையில் நின்றேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அம்மனுக்கு எதிரே வந்ததும் முடிச்சைக் கையில் எடுத்தேன். பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லிப் போட வாய் திறந்தேன். பேர் வரவில்லை. யோசித்துப் பார்த்தேன், மறக்கவில்லை. நான் காதில் வாங்கவே இல்லை. அவர் அழுதுகொண்டே மகளின் பேரைச் சொன்னபோது, பாதி மூடிய என் கண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போடும்மா, பின்னாடி நிக்கிறாங்கல்ல" என்றார் பின்னால் நின்றவர். "ஆட்டோவில போனாளே, பச்சைப் பாவாடை. இடது கண்ணு. உனக்குத் தெரியும்" என்று அம்மனிடம் சொல்லிவிட்டு முடிச்சை உண்டியலில் போட்டேன். பழக்க தோஷத்தில் சிலுவையும் போட்டுக்கொண்டேன். டப்பாவில் இருந்ததையும் அப்படியே உண்டியலில் கொட்டினேன். அதில் கடைவீதிக் காசு எதுவும் இல்லாததால் பிரிக்கிற சிரமம் இருக்கவில்லை. என் ஐந்து ரூபாயும் அதோடு போயிற்று. வெளியே வந்து தேர் நிற்கிற இடத்தில் உட்கார்ந்து அழுதேன்.

கல்லூரிக்குத் திரும்பிக் கிழிந்த காகிதத்தோடு காலி டப்பாவை மேஜை மேல் வைத்தபோது பேராசிரியர் காரணம் கேட்டார். சொன்னேன். அடுத்த வசூலுக்கு நீ வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். நியாயந்தான். வேனை மற்றவர்கள் வாங்கிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்தச் சந்து வரை போயிருக்கிறேன். வீடு நன்றாகத் தெரியும், நீலக் கதவு. தட்டினால் ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று தெரிந்துவிடும். யார் வேண்டும் என்று அந்த அம்மா கேட்பார். உங்கள் மகளைப் பார்க்க வந்தேன் என்று சொல்வதற்கு அவள் பேர் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.